பாட்டுக்கு டோக்கன் போட்டா பாட்டு நமக்குச் சொந்தமாயிருமா?

போன ஆடியில அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்கு ரெக்கார்டிங் வேலைக்குப் போயிருந்தேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், வில்லுப்பாட்டு முதல் பாகம் முடிஞ்சு நையாண்டி மேளம் ஆரம்பிச்சிருச்சு, பந்தலுக்குப் பின்னாடி உக்காந்து கடுங்காப்பி குடிச்சுக்கிட்டே புலவர் அண்ணாச்சி செல்லை என்கிட்ட நீட்டுனாரு. "தம்பி, இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு. நம்ம பாட்டை டோக்கனாப் போட்டுத் தாரேங்கான், 15,000 ரூவா கேக்கான். ஒரு பாட்டு அமெரிக்காவுல லட்சக்கணக்குல போவுமாம்லா, நெசமா?"

வாசிச்சுப் பாத்தா என்எஃப்டிங்கிற டிஜிட்டல் டோக்கன். உலகம் பூரா ஆடி அடங்குன சமாச்சாரம், நம்மூருக்கு இப்பதான் வாட்ஸ்அப் வழியா வந்து சேந்திருக்கு. "இப்போதைக்கு வேண்டாம் அண்ணாச்சி"ன்னு மட்டும் சொன்னேன், ஏன் வேண்டாம்னு ஒழுங்கா விளக்க முடியல, அதுக்குள்ள மேளம் முடிஞ்சு அவரு மேடைக்குப் போயிட்டாரு. அன்னைக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்க எழுதுறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையா வாசிங்க. ஏன்னா இது அந்த அண்ணாச்சிக்கு மட்டும் உள்ள கேள்வி இல்ல, பாட்டு எழுதுறவங்க, மெட்டுப் போடுறவங்க, யூடியூப்ல சொந்தமா பாடிப் போடுற காலேஜ் பிள்ளைங்க எல்லாருக்கும் இந்த மாதிரி மெசேஜ் வருது.

எனக்கு டோக்கன் மேல கோவம் எதுவும் கிடையாது. 2021-ல நானும் ராத்திரி ராத்திரியா உக்காந்து இதைப் பத்திப் படிச்சவன்தான், பாடுறவங்க கைக்கு நேரா காசு வரும்னு சொன்னப்ப நம்புனவன்தான். 2020-லயும் 2021-லயும் கொரோனாவுல கொடை எல்லாம் நின்னு போச்சு, என் மைக் செட்டு குடோன்ல தூசி அடைஞ்சு கெடந்துச்சு, வில்லை உறைபோட்டு மச்சுல வச்சிட்டு கொத்த வேலைக்குப் போன கலைஞர்களை எனக்கு நேராவே தெரியும். வெளிநாட்டுலயும் அதே கதைதான், கச்சேரி எல்லாம் நின்னு போய்க் கெடந்த நேரம் பாத்துதான் இந்த டோக்கன் வந்து நின்னுச்சு, அதனாலதான் அவ்வளவு பேரு அதை ஓடிப்போய்ப் பிடிச்சாங்க.

சரி, டோக்கன்னா என்ன. பிளாக்செயின்ங்கிறது ஒரு கணக்கு நோட்டு. ஒரு ஆபீசுல ஒரு பீரோவுல பூட்டி வச்ச நோட்டு மாதிரி கிடையாது, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல அதே நோட்டோட நகல் இருக்கும், ஒரு வரி எழுதியாச்சுன்னா பின்னால அழிச்சுத் திருத்துறது நடக்காத காரியம். அந்த நோட்டுல இருக்கிற ஒரு வரிதான் டோக்கன். இந்த நம்பர் டோக்கன் இந்த வாலட்டுல, அதாவது இந்த ஆளோட டிஜிட்டல் பையில இருக்கு, இதைப் பத்தின விவரம் இந்த லிங்க்ல இருக்கு, அவ்வளவுதான் அந்த வரி சொல்லும். ஒரு 100 ரூபா நோட்டைக் குடுத்து இன்னொரு 100 ரூபா நோட்டு வாங்குனா ரெண்டும் ஒண்ணுதான், ஆனா ஒரு வீட்டுப் பத்திரத்தைக் குடுத்து இன்னொரு வீட்டுப் பத்திரத்தை வாங்க மாட்டோம்லா, அந்த மாதிரி ஒவ்வொரு டோக்கனும் தனித்தனி. எத்தீரியம்ங்கிற பிளாக்செயின்ல இதுக்குன்னு ஈஆர்சி-721ன்னு ஒரு பொது விதிமுறை 2018-ல வந்துச்சு, படம் பாட்டு கேம்ல வர்ற சாமான் எல்லாத்துக்கும் டோக்கன் போடுறது அதுக்கு மேலதான் சூடு பிடிச்சுச்சு.

இதுல நல்லா கவனிக்க வேண்டியது, பாட்டு அந்த நோட்டுக்குள்ள இல்ல. ஒரு பாட்டோட ஃபைலை அந்த பிளாக்செயின் நோட்டுக்குள்ளயே ஏத்தணும்னா செலவு கட்டுப்படியாகாது, அதனால பாட்டு வேற ஏதோ ஒரு சர்வர்ல இருக்கும், டோக்கன்ல அதுக்குப் போற வழி மட்டும்தான் இருக்கும். சர்வருக்கு வாடகை கட்டுறவங்க கட்டாம விட்டா லிங்க் செத்துரும், டோக்கன் மட்டும் அழியாம அப்படியே நிக்கும். வீடு இடிஞ்சு போச்சு, கதவு நம்பர் மட்டும் பஞ்சாயத்து நோட்டுல இருக்கு.

நிலம் வாங்கி வித்தவங்களுக்கு இதை இன்னும் சுலபமா சொல்லலாம். நாம ஒரு செண்டு வாங்கணும்னாலும் மொதல்ல என்ன பாப்போம், வில்லங்கச் சான்று போட்டுப் பாப்போம், மூலப்பத்திரம் கேப்போம், பட்டா யாரு பேருல இருக்குன்னு பாப்போம். பிளாக்செயின் ஒரு அருமையான வில்லங்கச் சான்று, யாருகிட்ட இருந்து யாருக்கு எந்தத் தேதியில கை மாறுச்சுன்னு ஒளிவு மறைவு இல்லாமக் காட்டும். ஆனா மொத வரியை எழுதுற ஆளு நெசமாவே அந்தச் சொத்துக்குச் சொந்தக்காரன்தானான்னு கேக்க அங்க ஆளே கிடையாது. மூலப்பத்திரம் கேக்காத ரிஜிஸ்டர் ஆபீசு அது. இது வெறும் பயமுறுத்தல் இல்ல, 2022 ஆரம்பத்துல ஹிட்பீஸ்னு ஒரு தளம் வந்துச்சு, பெரிய பெரிய பாடகர்களோட பாட்டுகளுக்கு அவங்களைக் கேக்காமலேயே டோக்கன் பட்டியல் போட்டுருச்சு, தன் பாட்டு அங்க ஏலத்துல கெடக்குறதைப் பாத்துட்டு கலைஞர்கள் கொதிச்சுப் போயிட்டாங்க, அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளோட சங்கமான ஆர்ஐஏஏ வக்கீல் நோட்டீஸ் விட்டுச்சு, தளத்தை மூடுனாங்க.

இப்ப பாட்டுக்கு மூலப்பத்திரம்னா எதுங்கிற விஷயத்துக்கு வாரேன், இதுலதான் நம்ம ஆளுங்க நிறைய ஏமாறுறாங்க. ஒரு பாட்டுன்னு நாம ஒரு வார்த்தையில சொல்லிட்டாலும் சட்டத்துல அது பல சொத்து. வரி ஒரு சொத்து, மெட்டு ஒரு சொத்து, ஸ்டூடியோவுல எடுத்த ரெக்கார்டிங் தனிச் சொத்து, அதுக்கும் மேல பாடுனவங்க வாசிச்சவங்களுக்கு நிகழ்த்துற உரிமைன்னு தனியா ஒண்ணு. நம்ம நாட்டுல 1957-ல வந்த காப்புரிமைச் சட்டம்தான் இன்னைக்கும் ஓடுது. சினிமாவுக்குக் காசு வாங்கிட்டு எழுதுன, மெட்டுப் போட்ட பாட்டுன்னா தயாரிப்பாளர்தான் முதல் சொந்தக்காரர்னு 1977-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு தொகையை வாங்கிட்டு வெளிய நின்னு வேடிக்கை பாத்தாங்க. 2012-ல திருத்தம் வந்துச்சு. தியேட்டர்ல படத்தோட ஓடுறதைத் தவிர மத்த வழியில பாட்டு சம்பாதிச்சா அதுல எழுதுனவங்களுக்கும் மெட்டுப் போட்டவங்களுக்கும் ராயல்டி பங்கு உண்டு, அந்தப் பங்கை அவங்களே நினைச்சாலும் கம்பெனிக்கு எழுதிக் குடுக்க முடியாது. 1969-ல ஆரம்பிச்ச ஐபிஆர்எஸ்ங்கிற சங்கம் அந்தக் காசை வசூல் பண்ணி உறுப்பினர்களுக்குப் பிரிச்சுக் குடுக்குது.

இதுல டோக்கன் எங்க வருது? எங்கயும் வரல. காப்புரிமையை ஒருத்தருக்கு மாத்திக் குடுக்கணும்னா அது எழுத்துல இருக்கணும், குடுக்குறவங்க கையெழுத்து இருக்கணும்னு சட்டம் தெளிவா சொல்லுது. நீங்க 1,000 டாலர் குடுத்து ஒரு பாட்டோட டோக்கனை வாங்குனாலும், தனியா ஒப்பந்தம் போடலைன்னா, அந்தப் பாட்டை ஒரு விளம்பரத்துக்குக் குடுக்க முடியாது, படத்துல போட முடியாது, வேற ஆளு பாடுனா தடுக்க முடியாது. அந்தப் பாட்டை யூடியூப்ல சும்மா கேக்குற ஆளுக்கும் உங்களுக்கும் கேக்குறதுல ஒரு வித்தியாசமும் கிடையாது. திருநெல்வேலி டவுண்ல இருட்டுக்கடை வாசல்ல சாயங்காலம் வரிசையில நிக்கோம், ஏன், செஞ்சது தீந்துட்டா அன்னைக்கு அவ்வளவுதான். அல்வாவுக்கு அந்தத் தட்டுப்பாடு இயற்கையா இருக்கு. பாட்டுக்கு நகல் எடுக்க ஒரு பைசா செலவில்ல, டோக்கன் அதுக்கு ஒரு தட்டுப்பாட்டை வெளிய இருந்து கொண்டு வந்து ஒட்டுது, அந்த ஒட்டு எவ்வளவு நாள் நிக்கும்ங்கிறதுதான் மொத்தக் கேள்வியும்.

ஒரே ஒரு நகல் மட்டும் வச்சு வித்த ஆல்பம் ஒண்ணு உண்டு, வூ-டாங் கிளான்ங்கிற அமெரிக்க ராப் குழுவோடது. 2015-ல மார்ட்டின் ஷ்க்ரெலிங்கிற ஆளு 20 லட்சம் டாலருக்கு வாங்குனாரு, அப்புறம் அவரு மோசடி வழக்குல மாட்டி, கவர்மெண்டு ஆல்பத்தைப் பறிமுதல் பண்ணி, 2021-ல கிரிப்டோன்னு நெட்டுல ஓடுற டிஜிட்டல் காசுல புழங்குற ப்ளீசர்டாவோங்கிற கூட்டம் 40 லட்சம் டாலருக்கு எடுத்துச்சு. விக்கும்போது 2103 வரைக்கும் அதை வியாபாரமா வெளியிடக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு போட்டாங்க பாருங்க, அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாத்துனது காகிதத்துல போட்ட ஒப்பந்தம். கிரிப்டோ கூட்டத்து கைக்கு வந்தப்பவும் அந்தக் காகிதம்தான் பேசுச்சு.

காசு கதைக்கு வருவோம், அண்ணாச்சிக்கு வந்த மெசேஜ்ல இருந்த லட்சக்கணக்கு பொய் இல்ல, ஒரு காலத்துல நடந்ததுதான். 2021 பிப்ரவரி மார்ச்சுல 3லாவ்ங்கிற பேர்ல பாட்டுப் போடுற டிஜே ஜஸ்டின் ப்ளாவ் 33 டோக்கன் வித்து 1 கோடியே 16 லட்சம் டாலர் எடுத்தாரு. கிரைம்ஸ்ங்கிற பாடகி 60 லட்சம் டாலர் பக்கம் எடுத்தாங்க. கிங்ஸ் ஆஃப் லியோன் குழு புது ஆல்பத்தையே டோக்கனா விட்டு 20 லட்சம் டாலர் பக்கம் பாத்தாங்க, அதுல சில டோக்கனுக்கு ஆயுசு பூரா கச்சேரியில முன்வரிசை சீட்டு. அதே மார்ச்சுல பீப்பிள்ங்கிற ஓவியரோட டோக்கன் ஒண்ணு கிறிஸ்டீஸ் ஏலத்துல 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போச்சு, அதோட ஊரே பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. ஆனா வாங்குனது யாரு? பெரும்பாலும் கிரிப்டோ விலை ஏறி கையில காசு நிறைஞ்சவங்க, இன்னைக்கு வாங்கி நாளைக்கு விக்கலாம்ங்கிற கணக்குல வந்தவங்க. அவங்க அந்தப் பாட்டை ரெண்டு தரம் கேட்டிருப்பாங்களான்னே எனக்குச் சந்தேகம். 2022-ல கிரிப்டோ விலை இறங்குனதும் அந்தக் கூட்டம் போயிருச்சு, கூட்டம் போனதும் விலையும் போயிருச்சு. 2023 செப்டம்பர்ல டாப்கேம்பிள்னு ஒரு தளம் 73,257 டோக்கன் தொகுப்புகளை எடுத்துப் பாத்துச்சு, அதுல 69,795 தொகுப்போட சந்தை மதிப்பு பூஜ்யம்.

விலை இறங்குனதைக் கூட நான் பெருசா எடுத்துக்கல, விலைன்னா ஏறும் இறங்கும். என் மனசை உடைச்சது வேற. டோக்கனைப் பத்திச் சொன்ன வாக்குறுதியிலேயே உயிரான வாக்குறுதி ஒண்ணு இருந்துச்சு, ஒவ்வொரு தடவை கை மாறும்போதும் 10 சதவீதமோ 5 சதவீதமோ படைச்சவங்களுக்குத் தன்னால வந்து சேரும், கம்ப்யூட்டர் நிரல்லயே எழுதியிருக்கு, யாராலயும் தடுக்க முடியாதுன்னாங்க. நெசத்துல அந்த ஈஆர்சி-721 விதிமுறைக்கு ஒரு டோக்கன் வித்ததால கை மாறுதா, தம்பிக்குச் சும்மா குடுத்ததால கை மாறுதான்னே தெரியாது, கை மாறுறது மட்டும்தான் தெரியும். அதனால ராயல்டியைப் பிடிச்சுக் குடுக்குறது விக்குற சந்தையோட நல்ல மனசைப் பொறுத்ததா ஆயிருச்சு. 2022 அக்டோபர்ல ப்ளர்னு ஒரு சந்தை வந்து ராயல்டியைக் கட்டாயமாக்காம கூட்டத்தை இழுத்துச்சு, போட்டி தாங்காம பெரிய சந்தையான ஓப்பன்சீயும் 2023 ஆகஸ்ட் 31-ல இருந்து ராயல்டியைக் கட்டாயப்படுத்துற கருவியை நிறுத்திருச்சு. குடுக்குறவங்க இஷ்டப்பட்டா குடுக்கலாம். கலைஞனுக்குன்னு சொல்லி ஆரம்பிச்ச வியாபாரத்துல மொதல்ல வெட்டுனது கலைஞன் பங்கைத்தான்.

அடுத்து ராயல்டியையே துண்டு போட்டு விக்குறது, இது கொஞ்சம் விவரமான யோசனை. டோக்கனுக்கு முன்னாடியே 1997-ல டேவிட் போவி தன் பழைய பாட்டுகள்ல வரப்போற வருமானத்தைக் காட்டி 5 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கடன் பத்திரம் போட்டாரு, வட்டி 7.9 சதவீதம், 10 வருஷத் தவணை. அதுக்குள்ள ஜனங்க நெட்டுல பாட்டை ஓசியில இறக்க ஆரம்பிச்சாங்க, 2004-ல கடன் பத்திரத்துக்குத் தரம் போடுற மூடீஸ் கம்பெனி அந்தப் பத்திரத்தோட தரத்தைக் குப்பைக்கு ஒரு படி மேல வரைக்கும் இறக்கிருச்சு, ஆனாலும் 2007-ல கடன் ஒழுங்காவே அடைஞ்சுது. டோக்கன் காலத்துல அதே யோசனையைத்தான் 3லாவ் ஆரம்பிச்ச ராயல்ங்கிற கம்பெனி எடுத்துச்சு, 2022 ஜனவரியில ராப் பாடகர் நாஸ் ரெண்டு பாட்டோட ஸ்ட்ரீமிங் வருமானத்துல பங்கு வித்தாரு.

2023 பிப்ரவரியில ரியானாவோட 2015 பாட்டு ஒண்ணுக்கு வித்த டோக்கன்தான் கணக்குப் போட்டுப் பாக்க வசதியா இருக்கு. அந்தப் பாட்டோட தயாரிப்பாளர்கள்ல ஒருத்தரு தன் பங்குல இருந்து குடுத்தாரு, 300 டோக்கன், ஒண்ணு 210 டாலர், ஒரு டோக்கனுக்கு ஸ்ட்ரீமிங் ராயல்டியில 0.0033 சதவீதம். பேப்பரும் பேனாவும் எடுங்க. 300 டோக்கனும் சேந்தா 0.99 சதவீதம், மொத்த வசூல் 63,000 டாலர். வாங்குன ஆளு போட்ட 210 டாலர் திரும்பி வரணும்னா அந்தப் பாட்டோட ராயல்டி மொத்தமா 63 லட்சம் டாலரைத் தாண்டணும். ரியானா பாட்டுன்னா உலகம் பூரா கேக்குது, பல வருஷத்துல வந்தாலும் வரும். எங்க அண்ணாச்சி பாட்டுக்கு யூடியூப்ல வருஷத்துக்கு 12,000 ரூபா வருதுன்னே வச்சுக்கிடுவோம், அதுல 1 சதவீதம் 120 ரூபா. அந்த 120 ரூபாவை ஒரு ஆளு கணக்குக்கு அனுப்புறதுக்கும் வச்சுக் கணக்கெழுதுறதுக்கும் ஆகுற மெனக்கெடுக்கு அது காணாது. இந்த முறை ஏற்கனவே பெரிய ஆளா இருக்கிறவங்களுக்குத்தான் ஒத்து வரும், இன்னும் வெளிச்சம் படாதவங்களுக்கு இது வழி காட்டாது, டோக்கன் ஆரம்பிச்சப்ப சொன்னது நேர் மாறா.

சட்டச் சிக்கலும் கூடவே வரும். அடுத்தவங்க உழைப்புல லாபம் வரும்னு காசு போட்டு வாங்குற டோக்கன் பங்குப் பத்திரம் மாதிரி ஆயிரலாம், அப்படி ஆச்சுன்னா அதை விக்க அதுக்குண்டான பதிவு வேணும். ஓப்பன்சீ அந்த ரியானா டோக்கனைத் தன் சந்தையில விக்க விடாம நிறுத்துனது இந்தப் பயத்துலதான். 2023 ஆகஸ்ட்ல அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் முதல் தடவையா ஒரு டோக்கன் வித்த கம்பெனி மேலயே நடவடிக்கை எடுத்துச்சு.

நம்ம நாட்டு வரியை ஒரே மூச்சுல சொல்லிடுறேன். 2022 ஏப்ரல் 1-ல இருந்து கிரிப்டோவும் இந்த டோக்கனும் ஒரே கூடையில, லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அது மேல செஸ், 2022 ஜூலையில இருந்து கை மாறும்போது 1 சதவீதம் டிடிஎஸ். ஒரு டோக்கன்ல 2,000 ரூபா லாபம், இன்னொண்ணுல 2,000 ரூபா நட்டம், கையில நிக்குறது ஒண்ணுமில்ல, ஆனா அந்த லாபத்துக்கு 600 ரூபாயும் செஸ்ஸும் கட்டித்தான் ஆகணும், நட்டத்தைக் கழிக்க விடமாட்டாங்க. 200 ரூபா குடுத்து ஒரு ஊர்ப் பாடகருக்கு ஆதரவு காட்டலாம்னு நினைக்குற சாதாரண ரசிகனை இதுக்குள்ள இழுத்து விடுறது நியாயமில்ல.

அப்போ இசையில இதுக்கு எதிர்காலமே இல்லியான்னா, இருக்கு, ஆனா சொந்தம்ங்கிற வார்த்தையை எடுத்துட்டாதான் இருக்கு. அவெஞ்ச்ட் செவன்ஃபோல்டுங்கிற அமெரிக்க மெட்டல் குழு 2021 டிசம்பர்ல 10,000 டோக்கன் விட்டாங்க, பாட்டுல பங்குன்னெல்லாம் ஒண்ணும் சொல்லல, ரசிகர் மன்றத்து உறுப்பினர் அட்டை மாதிரி. 2023 மார்ச்சுல கச்சேரி டிக்கெட் விக்குற டிக்கெட்மாஸ்டர் கம்பெனியோட சேந்து, அந்த டோக்கன் வச்சிருக்கவங்களுக்கு மத்தவங்களுக்கு முன்னாடியே டிக்கெட் வாங்க வழி பண்ணாங்க. பிளாக்ல டிக்கெட் வாங்கிக் குவிக்குற ஆளுங்க உள்ள வர முடியாது, உண்மையான ரசிகனுக்கு நியாய விலையில சீட்டு. மியூஸ் குழு 2022 ஆகஸ்ட்ல ஆல்பத்தை 1,000 டோக்கனா 20 பவுண்டுக்கு வித்தாங்க, பிரிட்டன் ஆல்பம் பட்டியல்ல கணக்குல எடுத்துக்கிட்ட முதல் டோக்கன் ஆல்பம் அதுதான். 20 பவுண்டுங்கிறது ஒரு ரசிகன் ஆசைக்கு வாங்குற விலை. மறுபடி வித்து லாபம் பாக்குற ஆளுக்கு அங்க வேலை இல்ல.

இதுக்கு நேர் எதிரா கோச்செல்லா. அந்த இசை விழாக்காரங்க 2022-ல 10 டோக்கனை ஏலம் விட்டாங்க, வச்சிருக்கவங்களுக்கு ஆயுசு பூரா விழாவுக்கு அனுமதி, 15 லட்சம் டாலர் பக்கம் வசூல். டோக்கனை வச்சிருந்தது கிரிப்டோ வாங்கி விக்குற எஃப்டிஎக்ஸ் கம்பெனியோட தளத்துல. அதே வருஷம் நவம்பர்ல எஃப்டிஎக்ஸ் திவாலாச்சு, ஆயுசு பூரான்னு வாங்குனவங்க ஒரு விழா பாத்துட்டு, டோக்கனை எடுக்க முடியாம வெளிய நின்னாங்க. நடுவுல ஆளே வேண்டாம்னு சொன்ன தொழில்நுட்பத்துல நடுவுல இருந்த ஒரு ஆளு விழுந்ததும் எல்லாம் விழுந்துருச்சு.

உறுப்பினர் அட்டை, ஆதரவுச் சீட்டுன்னு சொல்லும்போது எனக்கு நம்ம கொடை மேடைதான் கண்ணு முன்னால வருது. வில்லு நடுவுல, பனங்கம்புல வெங்கல மணி கட்டி, புலவர் வீசுகோலைத் தூக்குறாரு, பக்கத்துல குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு. கதை ஒரு கட்டத்துல ஏறும்போது கூட்டத்துல இருந்து ஒரு ஆளு எந்திரிச்சு வந்து ஒரு நோட்டை நீட்டுவாரு. புலவர் பாட்டை நிறுத்தி, வாங்கிக் கண்ணுல ஒத்திட்டு, மைக்ல சொல்லுவாரு: மேலத்தெரு இன்னாரு, பம்பாய்ல கடை வச்சிருக்கவங்க, அன்பளிப்பு 101 ரூபா. அப்படியே சுதி மாறாம கதைக்குள்ள போயிருவாரு. அந்த 101 ரூபாய்க்கு அவருக்கு என்ன கிடைச்சுச்சு? கதை அவரு சொத்தாகல, மறுபடி விக்க முடியாது. ஊரு முன்னாடி அவரு பேரு அந்தப் பாட்டோட சேந்து ஒலிச்சுச்சு. பம்பாய்ல இருந்து லீவு போட்டு ஆளுங்க வர்றது இதுக்கும் சேத்துதான். டோக்கன் உருப்படியா நடந்த இடத்துல எல்லாம் நடந்தது இதுதான்னு நான் உறுதியா நம்புறேன். இப்ப ஆர்மோனியப் பெட்டி மேல கியூஆர் அட்டை ஒட்டியிருக்கு, துபாய்ல இருந்து செல்லுல லைவ் பாக்குற பிள்ளைங்க ஊர்ல உள்ள கூட்டாளிகிட்ட சொல்லி யுபிஐ போடுதாங்க, புலவர் பேரு சொல்லுதாரு. இதுக்கு ஒரு பிளாக்செயினும் தேவைப்படல.

நெசமாவே உபயோகப்படும்னு நான் நினைக்குற இன்னொரு இடம், யாருக்கு எவ்வளவு பங்கு, யாரு எதுக்குச் சம்மதிச்சாங்கங்கிற பதிவு. காசு வந்து விழுந்ததும் ஆறு பேருக்கு ஆறு பங்கா தன்னால பிரியுற மாதிரி எழுதி வைக்க முடியும், அது ஏற்கனவே நடைமுறையில இருக்கு. ஏஐ வந்த பிறகு சம்மதப் பதிவு இன்னும் முக்கியமாயிருச்சு. 2024-ல ஏ.ஆர்.ரகுமான் மறைஞ்ச பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ரெண்டு பேரு குரலையும் ஏஐ வச்சு ஒரு சினிமாப் பாட்டுல கொண்டு வந்தாரு, குடும்பத்துக்கிட்ட அனுமதி கேட்டு சன்மானமும் குடுத்ததா அவரே சொன்னாரு. அவரு கேட்டாரு. எல்லாரும் கேப்பாங்களா? எங்க அண்ணாச்சி குரல் 30 வருஷமா கேசட்லயும் யூடியூப்லயும் கெடக்கு, நாளைக்கு ஒரு ஆளு அந்தக் குரலை வச்சு புதுக் கதை பாட வச்சா அது அவரு பாடலைன்னு காட்ட, தேதியோட அழியாத ஒரு பதிவு இருந்தா நல்லதுதான். ஆனா அந்தப் பதிவை யாரும் விக்கவோ வாங்கவோ போறதில்ல, அதுக்குச் சந்தை விலையும் வராது, அதனாலயே யாரும் அதை விளம்பரம் பண்ணிக்கிட்டு வாட்ஸ்அப்புல வர்றதும் இல்ல.

கொடை முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன், இதெல்லாம் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ என் பாட்டுக்கு மூலப்பத்திரம் எங்கல இருக்கு?"ன்னாரு. அதுதான் சரியான கேள்வி. 1998-ல ஒரு கேசட் கம்பெனிக்கு நாலு கேசட் பாடிக் குடுத்திருக்காரு, கைக்கு 3,000 ரூபா, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்துல போட்டிருக்காரு. அந்த நாலும் இன்னைக்கு மூணு சேனல்ல ஓடுது, ஒண்ணுல கூட அவரு பேரு சரியா இல்ல. அந்தப் பாட்டுக்கு இவரு டோக்கன் போட்டிருந்தா, தன் கையில இருக்கா இல்லியான்னே தெரியாத ஒண்ணை வித்த மாதிரிலா ஆயிருக்கும்.

மதினி டிரங்குப் பெட்டியைத் திறந்து, ரேசன் கார்டு, எல்ஐசி பத்திரம், மகன் மார்க் சீட்டுக்கு அடியில இருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக் குடுத்தாங்க. 20 ரூபா பத்திரம், மடிச்ச இடம் கிழிஞ்சிருந்துச்சு. ரெண்டு தரம் வாசிச்சேன். உரிமை பூரா கம்பெனிக்குன்னு இருக்கு, எத்தனை வருஷத்துக்குன்னு இல்ல. காப்புரிமை எழுதிக் குடுக்குறப்ப காலம் குறிப்பிடலைன்னா அது 5 வருஷம்தான், எந்த இடத்துக்குன்னு சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான்னு சட்டத்துல இருக்கு. ரெக்கார்டிங் காசு போட்டு எடுத்த கம்பெனியோடதுதான், அதுல மாத்தமில்ல. சுடலைமாடன் கதையும் யாருக்கும் தனிச் சொத்து கிடையாது, தலைமுறை தலைமுறையா வாய்வழியா வந்தது. ஆனா அண்ணாச்சி சொந்தமா கட்டிச் சேத்த விருத்தமும் இடையில வர்ற பாட்டும் நிறைய இருக்கு, அதுக்குண்டான உரிமை 2003-லயே அவரு கைக்குத் திரும்பி வந்திருக்கலாம். பாளையங்கோட்டையில ஒரு வக்கீல்கிட்ட காகிதத்தோட நகலைக் குடுத்திருக்கோம், பாத்துச் சொல்றேன்னிருக்காரு.

புதுசா எடுக்கப்போற ரெக்கார்டிங்குக்கு அன்னைக்கே ஒரு காகிதம் எழுதினோம். எந்த வரி யாரு கட்டுனது, வர்ற காசுல யாருக்கு எத்தனை பங்கு, எத்தனை வருஷம், ஏஐக்குக் குரலைக் குடுக்க குழுவுல உள்ள ஆறு பேரும் தனித்தனியா சம்மதிக்கணும், எல்லாம் தமிழ்ல. ஒவ்வொருத்தரா கையெழுத்துப் போட்டாங்க. குடம் அடிக்குற மாமா பேனாவை வாங்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாரு.

"எம் பேருக்குக் கீழ எங்க அப்பா பேரையும் எழுதிருங்க தம்பி," ன்னாரு. "அடி அவரு சொல்லிக் குடுத்தது."

எழுதினேன்.